மூன்றாவது ஆழாக்கு

என் அம்மா பொய் சொல்கிறாள் என்பதை நான் லட்டில்தான் கண்டுபிடித்தேன். லட்டு இல்லாததில்.

நாலு மாதமாக அவள் சனிக்கிழமை தவறாமல் திருப்பதி போய்க்கொண்டிருந்தாள். ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சரில் ஏறினால், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. மேலக்கண்டிகை முழுக்க இதே பேச்சு. எதிர்வீட்டுச் செங்கம்மா என்னை நிறுத்திவைத்துச் சொன்னாள்: "உங்கம்மா மாதிரி உண்டா? பெத்த புள்ளைய வாரிக் குடுத்துட்டும் பெருமாள உடல பாரு."

வாரா வாரம் மலைக்குப் போகிறவள் ஒரு வாரமாவது ஒரு லட்டு, ஒரு வடை, ஒரு துளி தீர்த்தம் கொண்டுவர வேண்டாமா? நெற்றியில் ஒரு கோடு வேண்டாமா? ஊர் பக்தியைப் பார்த்தது. நான் பையைப் பார்த்தேன். பையில் ஒரு தண்ணீர்ச் செம்பும் மாற்றுத் துண்டும்தான் இருந்தன.

"யம்மா, பிரசாதம் எங்க?"

"கூட்டம் கண்ணு. நிக்க முடியல."

"மலைக்கு நடந்து போனியா, பஸ்ஸா?"

"பஸ்ஸுதான்."

"டிக்கெட்டக் காட்டு."

"இன்னாமே இது, போலீசுகாரன் மாதிரி கேக்கற?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்தியது. என் அண்ணன் கோவர்த்தனன் செத்ததிலிருந்து அவள் சிரித்ததில்லை. படுத்தால் தூங்கமாட்டாள், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். இப்போது இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். பகலில் பாயை விரித்தால் குறட்டை விடுகிறாள். எந்தத் துக்கமும் சும்மா இறங்காது. யாரோ எதையோ கொடுத்து இறக்குகிறார்கள், அல்லது எதையோ வாங்கிக்கொண்டு இறக்குகிறார்கள். என் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

படிப்பு என்றால் பி.ஏ. திருப்பதியில் படித்தது. எங்கள் வம்சத்தில் ஆண் பெண் இருபாலிலும் முதல் பட்டம். வேலை சித்தூரில், தற்காலிகம்; வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். ஆந்திரத்துக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை முடிவாகி, அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி ஊர்கள் கைமாறப்போகின்றன. எந்த ஊர் எந்தப் பக்கம் என்கிற பட்டியலைப் படி எடுப்பது என் வேலை. மேலக்கண்டிகை ஆந்திரத்திலேயே நிற்கிறது. அது சென்னைப் பக்கம் சேரவேண்டும் என்று ரயிலை மறித்தவன் என் அண்ணன். அதே ஊர்ப்பெயரை ஆந்திரப் பட்டியலில் நானே மூன்று படி எழுதினேன். எனக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் அது. ரயில் மறியல் வழக்கில் போலீஸ் தேடியபோது, அண்ணன் சென்னைக்கு ஓடிவிட்டான் என்று ஊரே நம்பியது. உண்மையில் எங்கள் கரும்புக் கொல்லையில்தான் கிடந்தான். அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். நைனா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கூழ் ஊற்றும் திருவிழா அன்று மத்தியானம் போலீஸ் வண்டி வேறு எங்கும் நிற்காமல் நேராகக் கொல்லைக்கு வந்தது. நாலு மாதம் சிறையில் இருந்து இருமலோடு திரும்பினான். தை பிறந்து பத்தாம் நாள் செத்தான். இருபத்து மூன்று வயது.

காட்டிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அப்பாவு மாமா. அப்படித்தான் ஊர் முடிவு கட்டியது. அன்று காலை அவர் நகரிப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றதை நாலு பேர் பார்த்தார்கள். காணாமல்போன எருமைக்காகப் போனேன் என்றார். யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து அந்த வீட்டோடு யாருக்கும் நெருப்பு தண்ணீர்ப் புழக்கம் இல்லை. தை பத்தாம் தேதி அண்ணன் படத்துக்கு மாலை போட்டுப் பேசுவார்கள். ஒலிபெருக்கியை அவர் வீட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். பதினாறு வயதில் நான் அவர் வாசலில் மண் வாரித் தூற்றியிருக்கிறேன். ஒரு முறை அல்ல.

இப்போது அந்த மனிதர் நிலத்தை விற்றுவிட்டு, பெண்டாட்டி ஊரான பள்ளிப்பட்டுப் பக்கம் போகிறார். அது சென்னை ராஜ்யத்துக்குப் போகிற பக்கம். துரோகிக்கு அண்ணன் கேட்ட ராஜ்யம் கிடைக்கிறது. எங்களுக்கு இல்லை.

மார்ச் மாதம் மூன்றாவது சனிக்கிழமை நான் லீவு போட்டேன். சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் திருப்பதி வந்து, ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகளுக்குப் பின்னால் நின்றேன். பாசஞ்சர் வந்தது. அம்மா இறங்கினாள். மலைக்குப் போகிற கூட்டம் "கோவிந்தா" போட்டுக்கொண்டு ஒரு பக்கம் போனது. அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

மூன்று வருஷம் நடந்த ஊர் எனக்கு. எந்தச் சந்து எங்கே முடியும் என்று தெரியும். புளி மண்டிகளைத் தாண்டி, ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீள வீட்டுக்குள் அவள் நுழைந்தாள். அவள் செருப்பைக் கழற்றிய விதத்தில் பழக்கம் தெரிந்தது. வாசலுக்கு மேல் ஒரு மரச் சிலுவை.

எனக்கு முதலில் தோன்றியது: எவ்வளவு கொடுக்கிறார்கள்? இரண்டாவதாகத் தோன்றியது: எதை எழுதி வாங்கப்போகிறார்கள்? எங்களிடம் இரண்டு ஏக்கர் இருக்கிறது, கிணற்றோடு.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பாட்டு தெலுங்கில், பாதி தமிழில். அம்மா ஒரு ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது, ஆனால் முகம் அழுகிற முகம் இல்லை. காய்ச்சல் விட்ட குழந்தையின் முகம். அதைப் பார்த்து மகளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். எனக்குப் பயம் வந்தது. மருந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பி.ஏ. படித்தவள்தான், அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தாள். வீடு வீடாகப் போய் வேதம் சொல்கிறவர்களை எனக்குக் கல்லூரி நாளிலேயே தெரியும். இவள் பெயர் ரத்னம்மா என்று பிறகு தெரிந்தது.

"ராம்மா, உள்ள வா. வெயில்ல நிக்கற. பொன்னியம்மா கூத்துருதானே நீ? அதே மூக்கு." அம்மா பெயரைச் சொல்லி, அவள் மகள்தானே என்கிறாள்.

"நான் உள்ள வர்றதுக்கு வரல. நீங்கதான் ஆளு புடிக்கிறதா? தலைக்கு எவ்ளோ?"

அவள் கோபப்படவில்லை. "தலைக்கா? எனக்கு மாசம் முப்பது ரூபா. உங்கம்மா வந்தாலும் முப்பது, வராட்டியும் முப்பது."

"அப்போ நெலமா?"

"நெலம் வேற இருக்கா? எத்தனை எகரம்?"

"ரெண்டு."

"பாவி?"

கிணற்றைக் கேட்கிறாள். "இருக்கு" என்று பல்லைக் கடித்தேன்.

"தண்ணி இனிப்பா உப்பா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலி செய்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"எங்கம்மாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"கிறிஸ்துமஸ்லயே குடுக்கறேன்னாரு எங்க சபை ஐயகாரு. நான்தான் ஒத்து, இப்ப வேணாம்னேன்."

"ஏன்?"

"அவங்க ஒரு வீட்டுக்குப் போகணும். இன்னும் போகல. போயிட்டு வரட்டும், அப்பறம் தண்ணில எறங்கட்டும்."

"எந்த வீடு? கர்ணம் வீடா? கைநாட்டு வெக்கவா?"

ரத்னம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முதல் முறையாகச் சிரிப்பு போயிருந்தது. "அது என் வாயில வராதும்மா. உங்கம்மாவுக்கு வாய் இருக்கு. இவ்ளோ தூரம் பின்னால வந்தவ, பக்கத்துல உக்காந்து கேளேன்."

கூட்டம் முடிந்து வந்த அம்மா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் அந்தத் தெருவிலேயே கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் திரும்பி ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். அவள் பின்னால் வந்தாள்.

பெண்கள் பெட்டியில் கூட்டம் இல்லை. ரேணிகுண்டா தாண்டியது. கடலைக்காரி ஒருத்தி எதிரே உட்கார்ந்து கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எப்பலேந்து?" என்றேன்.

"கை ஒடிஞ்சிப் புத்தூருக்குக் கட்டுப் போடப் போனன் பாரு, அங்க. ரத்னம்மாவும் கையத் தூக்கிகினு அதே பெஞ்சில உக்காந்துகினு இருந்தாங்க. ரொம்ப வலிக்குதாம்மான்னு கேட்டாங்க. வலி கையில இல்லம்மான்னு அழுதுட்டன்."

"எந்த வீட்டுக்குப் போகணும்ன்றா அவ?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "அப்பாவு அண்ணன் வீட்டுக்கு."

"துரோகி வீட்டுக்கா? எதுக்கு? மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்கா? அதானே இவங்க வேலையே. அடிச்சவன் கால்ல நம்மள வுழச் சொல்றது."

"அவரு அடிக்கல இந்திரா. நான்தான் அடிச்சன்."

பிறகு சொன்னாள். அதைச் சொல்ல முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கூழ் ஊற்றும் நாள் காலையில் ஊர்க்காவல் தலையாரி கூடையோடு வீடு வீடாக வருவான்; போலீசுக்கு ஊர்ச் சேதி சொல்கிறவனும் அவன்தான். ஊர் எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு உயிருக்கும் ஓர் ஆழாக்குக் கேழ்வரகு அளந்து போடவேண்டும். எல்லை தாண்டிப் போனவனுக்குப் போடக்கூடாது. உள்ளே இருக்கிறவனுக்குப் போடாமல் விடவும் கூடாது. விட்டால் அவனை அம்மை பார்த்துக்கொள்ளும் என்பார்கள்.

"அன்னிக்குத் தலையாரி துலுக்காணம் வந்தான். ஊட்ல நானும் நீயும் ரெண்டு பேரு. ரெண்டு ஆழாக்கு போட்டன். கை நின்னுபோச்சி. புள்ள கரும்புல கெடக்கறான், எல்லைக்குள்ள. அவனுக்கு அளக்காத உட்டு, அவன் ஒடம்புல அம்மை எறங்கிட்டா? ரயில மறிச்ச புள்ள, போலீசு அடிச்சா தாங்குவான். அம்மைய எப்பிடித் தாங்குவான்? மூணாவது ஆழாக்கு போட்டுட்டன்."

கடலைக்காரி கூடையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துலுக்காணம் கூடையப் பாத்தான். என்னப் பாத்தான். ஒண்ணும் கேக்கல. 'வரம்மா'ன்னு தூக்கிகினு போயிட்டான். மத்தியானம் வண்டி வந்துச்சி."

"அப்பாவு மாமா ஸ்டேஷன்ல நின்னது?"

"எருமைக்குத்தான்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"துலுக்காணம் படியெறங்கறப்பவே தெரியும்."

என் குரல் பெட்டி முழுக்கக் கேட்டிருக்கும். "ஆறரை வருஷம்! ஆறரை வருஷமா அந்த மனுஷன ஊரே காறித் துப்பிச்சி. என்னை மண் வாரித் தூத்த உட்டுட்டுப் பாத்துகினு நின்ன!"

"உங்கண்ணன் பொணத்து மேல வுழுந்து எல்லாரும் அவரு பேரச் சொல்லித்தான் அழுதாங்க. நான் வாயத் தொறந்தா, பெத்தவளே காட்டிக்குடுத்துட்டாம்பாங்க. நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சன். அப்பறம் ஒரு மாசம் ஆச்சி. மாசம் ஆனத எப்பிடிச் சொல்றது? வருஷம் ஆச்சி. அது உள்ளயே ஒக்காந்து என்னத் துன்னுச்சி. ரத்னம்மா கிட்டத்தான் மொதல்ல சொன்னன். அவங்க ஒண்ணும் திட்டல. இத இனிமே நீ தூக்காத, ஏசப்பா கால்கிட்ட வெச்சிடுன்னாங்க. வெச்சன். அன்னிக்கு ராத்திரிதான் தூங்கனன் இந்திரா."

"நல்ல ஏற்பாடு," என்றேன். "நீ எறக்கி வெச்சிட்டுத் தூங்கற. அப்பாவு மாமா இன்னும் தூக்கிகினுதானே இருக்கறாரு? உன் ஏசப்பா அதக் கேக்க மாட்டாரா?"

குத்தத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "அதத்தான் ரத்னம்மாவும் கேட்டாங்க. நாலு மாசமாக் கேட்டுகினே இருக்கறாங்க. அவரு ஊரவிட்டுப் போறதுக்குள்ள போய் நிக்கணும். நாளைக்கு வண்டி கட்றாராம்."

நியாயப்படி நான் அப்போது 'போ' என்று சொல்லியிருக்க வேண்டும். ரயில் புத்தூர் தாண்டியதும் நான் மாற்றிப் பேசினேன். அவர்தான் போகிறாரே, போனால் முடிந்தது, ஏன் கிளறவேண்டும் என்றேன். அண்ணன் பெயர் என்ன ஆகும் என்றேன். ஒரு ஆழாக்குக் கேழ்வரகுக்காகச் செத்தான் என்று சிரிக்க மாட்டார்களா என்றேன். என் வேலைக்கு ஆபத்து என்றுகூடச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி கண்ணு, ஆனா போவணும்" என்றாள்.

அண்ணன் பெயருக்காக நான் பயப்படவில்லை. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவு மாமாவின் மகள் தாட்சாயணிக்கு, டீச்சர் டிரெய்னிங் முடித்த கையோடு, சத்தியவேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் கல்லூரி விடுதியில் உட்கார்ந்து அந்தப் பள்ளி நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதினேன், நல்ல ஆங்கிலத்தில், கையெழுத்தில்லாமல். அவள் தகப்பன் போலீஸ் உளவாளி என்று எழுதினேன். அது போதவில்லை என்று அவள் நடத்தை பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். மூன்றே வாரத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். அன்று நான் விடுதி மெஸ்ஸில் இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். துரோகிக்குச் செய்ததில் தப்பென்ன என்று நினைத்தேன். இப்போது துரோகி இல்லை. கடிதம் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவு மாமா வீட்டு வாசலில் இரண்டு மாட்டுவண்டி நின்றது. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். அவளைத் தடுக்கப் போனேனா, பார்க்கப் போனேனா, எனக்கே தெரியாது. எதிரே குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை நிமிர்த்திவைத்தார்கள்.

அப்பாவு மாமா கலப்பையை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மனைவி கங்கம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். தாட்சாயணி உள்ளே பாத்திரங்களைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா," என்றாள் அம்மா.

அவர் திரும்பாமல் சொன்னார்: "மண்ணு அந்தண்ட இருக்குது பாரு. ஈரமா இருக்கும். வாரித் தூத்திட்டுப் போ, எனக்கு வேலை இருக்குது."

"நீ காட்டிக்குடுக்கலண்ணா. நான்தான்."

கயிறு நின்றது. அம்மா ரயிலில் சொன்னதை அப்படியே சொன்னாள். கூடுதலாக ஒன்றும் அழவில்லை, ஒன்றையும் குறைக்கவுமில்லை. மூன்றாவது ஆழாக்கு என்ற இடத்தில் கங்கம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்பாவு மாமா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்த எருமை அன்னிக்கு சாயங்காலமே தானா வந்துடுச்சி, தெரியுமா?" என்றார். "கட்டுத்தறில நின்னுகினு என்னப் பாக்குது. அதும் மூஞ்சியப் பாக்கப் புடிக்காத, வந்த வெலைக்கு வித்துட்டன்."

"அண்ணா, என்ன..."

"இரு. இத எதுக்கு எங்கிட்ட சொல்ற? நான் காட்டிக்குடுக்கலன்றது எனக்குத் தெரியாததா? தெரியாதவங்க அங்க நிக்கறாங்க பாரு. அங்க போய்ச் சொல்லு."

அவர் கை குழாயடியைக் காட்டியது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன். அவள் மெதுவாக என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கினாள். குழாயடியில் நின்று, கேட்கிற மாதிரி, முழுவதையும் மறுபடி சொன்னாள்.

செங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாமே ஒளர்ற? வாரா வாரம் மலைக்குப் போறேன்னியே, இதான் பெருமாள் சொன்னாரா?"

"மலைக்குப் போவல செங்கம்மா. ஏசு சாமி கோயிலுக்குப் போறன். அதுவும் பொய்தான் சொன்னன்."

"அடிப் பாவி! வேதக்காரங்க மந்திரிச்சி உட்டுட்டாங்களா?" செங்கம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகுதான் விஷயம் முழுவதும் ஏறியது போல. "பெத்தவளாடி நீ? புள்ளைய நீயே பிடிச்சிக் குடுத்துட்டு, அந்த மனுஷன் வாசல்ல எங்களத் துப்ப வெச்சிருக்கியே?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அம்மா ஆறரை வருஷம் பயந்தாள். 'பெத்தவளாடி.' நான் அவள் முகத்தையே பார்த்தேன். இப்போது உடையும், அந்தத் தூக்கமும் சிரிப்பும் வெறும் பூச்சு என்று தெரிந்துவிடும் என்று பார்த்தேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஆனால் தலை குனியவில்லை, ஓடவுமில்லை. "ஆமா, துப்ப வெச்சன்," என்றாள். "இனிமே துப்பாதீங்க. துப்பணும்னா எங்க ஊடு எதிர்லதான் இருக்குது."

யாரும் துப்பவில்லை. ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அப்பாவு மாமா எழுந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா கை கூப்பினாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி, "சொன்னதுக்குச் சரி. மன்னிக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாது. உன் சாமி வேணும்னா செய்யட்டும்," என்றார்.

கங்கம்மாவுக்கு அடங்கவில்லை. "எங்க பொண்ணு வேலை போச்சே, அத யார் குடுப்பாங்க? எவனோ கட்டைல போறவன் மொட்டக் கடுதாசி போட்டான். இங்கிலீஷ்ல."

தாட்சாயணி கோணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "எவனோ இல்லம்மா. மேலக்கண்டிகைல இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சவங்க எத்தினி பேரு இருக்கறாங்க?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். சந்தேகப்படுகிறவள் நான்தான், அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

இல்லை என்று சொல்லலாம். கையெழுத்து இல்லாத கடிதம். யார் நிரூபிப்பார்கள்? ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், கைநாட்டு வைக்கிற ஒருத்தி தெருவில் நின்று, யாரும் கேட்காததையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை, அவமானத்தில்தான் சொன்னேன்.

"நான்தான் எழுதனேன்."

"தெரியும்," என்றாள் தாட்சாயணி. "நிர்வாகி என் மூஞ்சில தூக்கிப் போட்டாரு. அஞ்சு வருஷம் உன் நோட்டப் பாத்துக் காப்பியடிச்சவ நானு, உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"தாட்சாயணி..."

"மன்னிப்புன்னு ஆரம்பிக்காத. காலைலேந்து ஒண்ணு கேட்டாச்சி, போதும். அந்தப் பக்கம் நான் மறுபடி வேலைக்கு மனு போடணும். பழைய பள்ளிக்கூடத்துல சர்ட்டிபிகேட் கேப்பாங்க, உன் கடுதாசி அங்க பைல்ல இருக்குது. இன்னொரு கடுதாசி எழுது. அதே இங்கிலீஷ்ல. இந்த வாட்டி பேர் போட்டு."

"என் வேலை போயிடும்."

"என்னுது போச்சே."

வண்டிகள் புறப்பட்டன. போகிறபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் நான் அரிசிப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நான், கீழே கையெழுத்திட்டிருக்கும் இந்திராணி' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன். வெளியே தெருவில் அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. அம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு எறங்கிடுச்சா?" என்று கேட்டேன். "அவருதான் மன்னிக்கலையே."

"அவரு மன்னிக்கணும்னு நான் போவல கண்ணு. அவரு தலைல நான் வெச்சத எடுக்கத்தான் போனன்."

"எடுத்து உன் தலைல வெச்சிகினியா?"

"நான் எங்க வெச்சிகினன்? அதான் எடுத்துக்கறதுக்கு ஒருத்தர் இருக்கறாரே."

எனக்கு இதில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பெரியதை ஒருவர் சும்மா வாங்கிக்கொள்வார் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் குழாயடியில் நின்றவளை நான் பார்த்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் நின்றிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு ஞானஸ்நானம். நான் வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நாலாவது காகிதத்தை எடுத்தபோது அவள் கீரையைத் தள்ளிவைத்தாள்.

"நான் ஜெபம் பண்ணட்டா?"

"வேணாம்."

"சரி."

பேனா ஓடவில்லை. தாட்சாயணியின் நடத்தை பற்றி நான் எழுதியது பொய் என்கிற வரியில் நின்றுவிட்டது.

"சரி, பண்ணித் தொலை. சத்தம் போடாத பண்ணு, எனக்கு எழுதணும்."

அவள் முக்காடு போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. எனக்காக எதையாவது கேட்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். என்னை வைத்து யாரிடமும் யாரும் எதையும் கேட்பது எனக்குப் பிடிக்காது.

"யாருக்குப் பண்ற? எனக்கா, தாட்சாயணிக்கா?"

"துலுக்காணத்துக்கு."

"அந்தத் தலையாரிக்கா?"

"தடாவுல பையன் ஊட்ல கெடக்கறானாம், நடமாட்டம் இல்லாம. அவனும் அன்னிலேந்து யார்கிட்டயும் சொல்லாமதானே தூக்கிகினு இருப்பான்," என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன், நடிக்கிறாளா என்று. பிறகு காகிதத்தின் மேல் மூலையில் தேதியைப் போட்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.